புதன்கிழமை என்று எழுதிய மழை

என் மழை நோட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு: கிழமை, அளவு, தொடங்கிய நேரம், நின்ற நேரம், குறிப்பு. தினமும் காலை எட்டரைக்கு மொட்டைமாடிக்குப் போவேன். மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக்குவளையில் ஊற்றுவேன். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படித்து, அங்கேயே பென்சிலால் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பேனாவால் எழுதுவேன். குகட்பள்ளியில் இந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஃப்ளாட் வாங்கி வந்த வருடம் தொடங்கிய பழக்கம் இது. மழை இல்லாத நாளுக்குப் பூஜ்யம் போடுவேன். பூஜ்யம் என்றால் அளந்தேன், இல்லை என்று அர்த்தம். வெறுமையாக விட்டால் அளக்கவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொரு முறையும் உண்டு. காலை எட்டரைக்கு அளக்கிற தண்ணீர் முந்தின நாள் எட்டரையிலிருந்து விழுந்தது. அதை அளந்த நாளின் பெயரில்தான் எழுதவேண்டும். நேற்று மத்தியானம் கொட்டிய மழை இன்றைய வரியில் போய் உட்காரும். மழை அளக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது பழகிப்போயிருந்தது. பழகிப்போன ஒன்றைப் பிறருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று தோன்றாது. நான் சொல்லாமல் விட்டதில் ஒரு குடும்பம் இந்தக் கட்டடத்தை விட்டுப் போனது.

மூன்று வருடம் ஆகிறது. மழைக்காலம் முடியப் போகிற சமயம். ஒரு சனிக்கிழமை ஆரம்பித்த மழை, ஞாயிறு நகர்ந்துவிடும் என்றார்கள். ஞாயிறு வந்ததும் திங்கள் என்றார்கள். அது நகரவில்லை.

வானிலைப் புத்தகங்களில் நிலைத்த முகப்பு என்று ஒன்று படித்திருக்கிறேன். குளிர்ந்த காற்று ஒரு பக்கம், வெப்பக் காற்று மறுபக்கம். இரண்டும் ஒரே பலத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று ஜெயித்தால் அந்தக் கோடு நகரும், வானம் மாறும். இரண்டும் ஜெயிக்காதபோது கோடு அதே இடத்தில் நிற்கும். அதன் அடியில் இருக்கிறவர்களுக்கு நாள்கணக்கில் ஒரே வானம். குளிர்தேசங்களில் இருப்பதுபோல நம் பீடபூமியில் அது அப்படியே வராது. அந்த வாரம் எங்கள் தலைமேல் நின்றது, மேற்கிலிருந்து வந்த காற்றும் வங்கக்கடலிலிருந்து வந்த ஈரக்காற்றும் சந்தித்த கோடு. பெயர் வேறு, குணம் அதேதான். நகரத்தின் குறுக்கே அது படுத்திருந்தது. வடக்கே நாங்கள் இருக்கும் பக்கம் கொட்டியது. தெற்கே, நான் வேலை பார்க்கும் காஞ்சன்பாக் பக்கம், வெறும் தூறல்.

அப்படி நிற்கிற மழை ஒரு காரியம் செய்யும். நாட்களை அழித்துவிடும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரே வெளிச்சம். ஆபீஸ்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டன. பள்ளிக்கூடங்கள் இல்லை. துணி காயவில்லை, பேப்பர் வரவில்லை. எங்கள் கட்டடத்தில் ஞாயிறு அன்றே எல்லாரும் செல்லாரிலிருந்து, அதாவது தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் தளத்திலிருந்து, கார்களை எடுத்து மேட்டில் மெயின் ரோட்டோரம் நிறுத்திவிட்டார்கள். லிஃப்டையும் அன்றே நிறுத்திவிட்டோம். அதன் பிறகு செல்லாருக்கு இறங்கிப் போக யாருக்கும் வேலை இல்லை. கேட்டிலிருந்த கேமரா சனிக்கிழமை இடியிலேயே போய்விட்டது. அந்த ஐந்து நாளில் எது எந்த நாள் நடந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செல்லாரில் குடியிருந்தது வாட்ச்மேன் குடும்பம் மட்டும்தான். பாலமூர் பக்கத்து ஆள். எட்டு வருடமாக எங்களிடம் இருந்தான். செல்லார் மூலையில் ஒரு அறை. அதில் அவன், மனைவி, இரண்டு பெண்குழந்தைகள். மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். பெண்கள் சந்து முனையில் இருந்த சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். மழை பெய்தால் செல்லார்க் குழியில் சேரும் தண்ணீரை மோட்டார் போட்டு வெளியே தள்ளுவது அவன் பொறுப்பு. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் இரண்டு மணிக்கொரு தரம் அவன் மோட்டார் போடும் சத்தம் இரண்டாவது மாடியில் எனக்குக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை அவன் மாமனாருடைய பத்தாம் நாள் காரியம். திங்கள் சாயங்காலம் செக்ரட்டரியிடம் லீவு கேட்டான். எங்கள் சங்கத்தின் செக்ரட்டரி என்னைப்போலத் தமிழ்க்காரர். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி இந்த ஊருடையது. "போய்ட்டு வா. புதன் காலைல வந்துடு. அதுவரைக்கும் மோட்டார் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதை அவரே பிறகு கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். வாட்ச்மேன் செவ்வாய் விடியற்காலையில் மனைவி மக்களோடு பஸ் ஏறினான்.

அதே செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அளந்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்பினேன். ஒன்பது மில்லிமீட்டர். எங்கள் தொழிற்சாலை பாதுகாப்புத் துறைக்கானது; மழை என்று வீட்டில் உட்கார முடியாது. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டியவர் ஊரிலிருந்து திரும்பவில்லை. அதனால் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கினேன். காஞ்சன்பாகில் அன்று முழுக்கக் குடை விரிக்கலாமா வேண்டாமா என்கிற அளவுக்குத் தூறல். அதை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணால் பார்த்ததை நம்புகிறவன் நான்.

புதன் காலை சரியாக எட்டரைக்கு மனைவிக்குப் போன் செய்தேன். நான் வீட்டில் இல்லாத நாட்களில் அவள்தான் அளந்து சொல்வாள்.

"மாடில நிக்கேன். நூத்திப் பதினேழு இருக்கு. என்னங்க, நேத்து மத்தியானம் இங்க..."

"நம்பரை மட்டும் சொல்லு. நூத்திப் பதினேழா, பதினெட்டா?"

"பதினேழு."

"கண்ணு நேரா வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

போனை வைத்துவிட்டேன். பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து புதன் வரியில் 117 என்று எழுதினேன். தொடங்கிய நேரம், நின்ற நேரம் இரண்டு கட்டத்திலும் சின்னக் கோடு போட்டேன். நான் பார்க்காததை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை.

அதற்குள் கீழே கலவரம் ஆகியிருந்தது. செல்லாரில் இடுப்பளவு தண்ணீர். மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி, லிஃப்டின் மின்பெட்டி எல்லாம் மூழ்கிவிட்டன. வாட்ச்மேன் அறையில் அவர்களுடைய பாய், அரிசி, பெண்களின் நோட்டுப் புத்தகங்கள் மிதந்தன. வாட்ச்மேன் ஆறரைக்கு வந்ததாகச் சொன்னான். "நேனு வச்சேசரிக்கே நீள்ளு உன்னாயி சார்" என்று, தான் வரும்போதே தண்ணீர் இருந்ததென்று, மாடிப்படியில் ஏறி இறங்கியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். செக்ரட்டரி சொன்னது வேறு. செவ்வாய்க்கிழமை குழியில் தண்ணீரே இல்லை. இவன் புதன் காலை வந்து, பயணக் களைப்பில் எங்கேயோ படுத்துத் தூங்கி, மோட்டார் போடாமல் விட்டான். அப்போது பெய்த மழையில்தான் மூழ்கியது என்றார்.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அந்தப் பெரிய மழை செவ்வாய்க்கிழமை பெய்ததா, புதன்கிழமை பெய்ததா? செவ்வாய் என்றால் பொறுப்பு செக்ரட்டரியுடையது. புதன் என்றால் வாட்ச்மேன் வேலை போகும்; வேலையோடு அந்த அறையும் போகும்.

சனிக்கிழமை செக்ரட்டரி எனக்கு வாட்ஸப் அனுப்பினார். "சார், உங்க ரெய்ன் நோட்டுல செவ்வாய் புதன் எவ்வளவு?" அதற்குமுன் யாரும் என் நோட்டைக் கேட்டதில்லை. கேலி செய்தவர்கள் உண்டு, கேட்டவர் இல்லை. எதற்கு என்று நான் விசாரிக்கவில்லை. பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழாமல், இரண்டு தரம் எடுத்து, தெளிவாக இருந்த படத்தை அனுப்பினேன்.

மறுநாள் ஞாயிறு பதினொரு மணிக்குக் கூட்டம். மழை போய் வெயில் சுள்ளென்று அடித்தது. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வீட்டுக்கு ஒருவர் என்று பத்தொன்பது பேர். வாட்ச்மேன் தூணோரம் நின்றான். பேச்சு தெலுங்கிலும் இந்தியிலும் கலந்து நடந்தது. செக்ரட்டரி தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, நம்ம சார் நோட்டு. இவர் ஒரு சொட்டு கூட விடமாட்டார், உங்களுக்கே தெரியும். செவ்வாய் ஒன்பது. புதன் நூத்திப் பதினேழு. ஒன்பதுல செல்லார் முழுகுமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுந்தேன். "அப்படிப் படிக்கக்கூடாது. புதன்னு எழுதினது புதன்கிழமை பெய்ஞ்சதில்லை. செவ்வாய் எட்டரைலேர்ந்து புதன் எட்டரை வரைக்கும் விழுந்தது" என்றேன்.

நான்காவது மாடியில் பேங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் இந்தியில், "கைக்கு சாப், எதுக்கு அப்படி? செவ்வாய்க்கிழமை பெய்ஞ்சா செவ்வாய்னு எழுதறதுக்கு என்ன?" என்றார்.

"அதுதான் முறை."

"அப்போ நீங்க திங்கக்கிழமை பொறந்திருந்தா செவ்வாய்க்கிழமை கேக் வெட்டுவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். வாட்ச்மேன்கூட, எதற்கென்று புரியாமல், மரியாதைக்குச் சிரித்தான்.

செக்ரட்டரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "சார், நீங்க சொல்றபடியே வச்சுக்கலாம். செவ்வாய் எட்டரைலேர்ந்து புதன் எட்டரை. மொத்தமா நூத்திப் பதினேழு. ஹவ், சரிதானே?"

"ஆமா."

"இவன் வந்தது ஆறரை. ஆறரைலேர்ந்து எட்டரைக்குள்ள அவ்வளவு மழை பெய்ய முடியுமா, முடியாதா?"

இரண்டு மணி நேரத்தில் அதைவிட அதிகம் பெய்தது என் நோட்டிலேயே இருக்கிறது. "முடியும். ஆனா..."

"ஒரு நிமிஷம் சார். எப்போ ஆரம்பிச்சுதுன்னு ஒரு கட்டம் வச்சிருக்கீங்களே, அதுல என்ன இருக்கு?"

"கோடு. நான் அன்னிக்கு வீட்ல இல்லை."

"வேற யாராவது குறிச்சாங்களா?"

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அன்று காலை காபி கொடுக்கும்போது மனைவி, "செவ்வாய்க்கெழமை மத்தியானம்லா அந்தக் கொட்டு கொட்டுச்சு, பாவம் அந்தப் பய மேல பழியப் போடுதாவ" என்று சொல்லியிருந்தாள். நான் "மணி பாத்தியா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைப் பார்க்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆகவே கூட்டத்தில் உண்மையையே சொன்னேன்.

"மணி பாத்து யாரும் குறிக்கலை."

செக்ரட்டரி மற்றவர்களிடம் தெலுங்கில், புதன் காலை பெய்திருக்க முடியும் என்று சாரே சொல்கிறார், மறுக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்தான். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று அவன் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். பிறகு வாட்ச்மேனை அனுப்பிவிடலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பதினான்கு கைகள். நான் தூக்கவில்லை. தூக்காததைப் பெரிய விஷயம் என்று அந்த நிமிடம் நினைத்துக்கொண்டேன்.

மாடிப்படி திருப்பத்தில் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"மணி பாக்காட்டா மழை பெய்யலன்னு ஆயிருமா?"

"நீதான் பதில் சொல்லலையே."

"நீங்க கேட்ட கேள்வி அப்படி. செவ்வாய்க்கெழமை என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாந்தான் மாடிக்கு ஓடுனேன், மழைமானி மேல கம்பி அறுந்து டிஷ் விழுந்துரும் போல இருந்துச்சு. அதப் பிடிச்சுக் கட்டிட்டு வந்தா, டிவியில மூணு மணி சீரியல் பாட்டு ஓடுது. அஞ்சு மணிக்குப் பால் வாங்க இறங்கும்போதுதான் விட்டுச்சு. புதன்கெழம காலைல வெறும் தூத்தல். குடை இல்லாமத்தான் மாடிக்குப் போய் ஒங்களுக்கு அளந்தேன்."

மூன்று மணி. ஐந்து மணி. என் நோட்டில் கோடு போட்ட இரண்டு கட்டங்களுக்கும் விடை அவளிடம் இருந்திருக்கிறது. புதன் எட்டரைக்குப் போனில் சொல்லத்தான் வந்தாள்.

"இத அங்கயே வந்து சொல்லிருக்கலாமே" என்றேன்.

"வீட்டுக்கு ஒராள்னு நோட்டீஸ் போட்டவர் யாரு? அந்த ஒராள் நீங்கன்னு முடிவு பண்ணுனது யாரு?"

உடனே கீழே போயிருக்கவேண்டும். கூட்டம் கலைந்து அரைமணி கூட ஆகவில்லை. நான் போகவில்லை. சொல்லப்போவதை ஒழுங்காக எழுதிக்கொண்டு, காலையில் அளந்து முடித்துவிட்டு, செக்ரட்டரியைத் தனியாகப் பார்க்கலாம் என்று வைத்தேன். ஒரு பக்கத்தில் எழுதினேன். நேர வரிசையில், எண் போட்டு.

திங்கள் காலை எட்டரைக்குப் பூஜ்யம். கீழே இறங்கினால் கேட்டில் டிராலி ஆட்டோ நின்றது. ஏறக்குறைய ஏற்றி முடித்துவிட்டார்கள். ஈரம் போகாத மெத்தை, ஒரு இரும்புக் கட்டில், அடுப்பு, பெண்களின் பள்ளிப் பைகள். வாட்ச்மேன் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வாட்ச்மேனிடம், இரு, இன்னொரு தரம் பேசுகிறேன் என்றேன். கையிலிருந்த காகிதத்தைக் காட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. "மீ புக்குலோ ராசி உந்தி கதா சார்" என்றான். உங்கள் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறதே சார். புத்தகத்தில் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்கிற குரல். செவ்வாய்க்கிழமை தான் இங்கே இல்லாததால், தனக்குத் தெரியாமல் அப்படித்தான் நடந்திருக்குமோ என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டதுபோல இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். மனைவி பார்த்ததைச் சொன்னேன். வாசலிலேயே நின்று கேட்டார். "சிஸ்டர் பாத்தாங்களா? நேத்திக்கே சொல்லியிருக்கலாமே சார். மினிட்ஸ் எழுதி எல்லாரும் சைன் பண்ணியாச்சு. நீங்களும்தான் பண்ணினீங்க."

வந்தவர் பெயர்ப் பட்டியல் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் பகுதியில் இருக்கும் தானியங்கி மழைமானியின் மணிவாரிப் பதிவைத் தேடி எடுத்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூட்டத்துக்கு முன்னாலேயே நானும் பார்த்திருக்கலாம். என் நோட்டு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று இருந்துவிட்டேன். செவ்வாய் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் பெரும்பகுதி விழுந்திருந்தது. என் மனைவி பால் வாங்க இறங்கிய நேரம் கூடச் சரியாக இருந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதற்குள் கேட்டில் நீலச் சட்டை போட்ட ஏஜென்சி ஆள் உட்கார்ந்திருந்தான். செல்லார் அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள்.

"இப்போ எதுக்கு சார் இதைக் கிளறிக்கிட்டு? நக்கோ, வேண்டாம். விட்டுடுங்க" என்றார் செக்ரட்டரி. பிரிண்டைத் திருப்பிக் கொடுத்தார். நான்காக மடித்திருந்தார்.

வாட்ச்மேனின் பழைய நம்பருக்குப் போன் செய்தேன். அது உபயோகத்தில் இல்லை. பாத்திரம் தேய்த்த வீடுகளில் அவர்கள் மாதாப்பூர் பக்கம் ஏதோ கட்டடம் கட்டும் இடத்தில் தகரக் கொட்டகையில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்தக் கட்டடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே எத்தனை கட்டடம் எழும்புகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு ஞாயிறு போய்த் தேடினேன். மூன்றாவது ஞாயிறு போகவில்லை.

அந்தப் புதன் வரியில் கோடுகளுக்குப் பக்கத்தில், "செவ்வாய் பிற்பகல் 3 முதல் 5 வரை, மனைவி பார்த்தது, பின்னால் சேர்த்தது" என்று எழுதியிருக்கிறேன். எழுத்து சின்னது, கட்டம் போதவில்லை. அவளிடம் காட்டவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வேலை விஷயமாக இரண்டு நாள் வெளியூர் போகவேண்டியிருந்தது. கிளம்பும்போது வழக்கம்போல, "எட்டரைக்குப் போன் பண்றேன்" என்றேன்.

"நம்பரை மட்டும் சொல்றதுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பெட்டியில் இட்லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்.

எட்டரைக்குப் போன் செய்தேன். ஊரில் மழையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் ஊரில் இல்லாத நாட்களை நோட்டில் வெறுமையாக விடுகிறேன். இந்த வருடம் இதுவரை அப்படிப் பதினொரு வரிகள்.